தெருவுக்குக் கீழே ஓடும் நெருப்பு



மாலை வேளையில் கடைத்தெருவுக்குப் போகிறோம். நடைபாதையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய சிறு கம்பம் ஒன்று நிற்கிறது. டில்லியானால் ஹிந்தியிலும், மும்பையானால் மராத்தியிலும், ஆமதாபாத்தானால் குஜராத்தியிலும் அதில் ஏதோ எழுதியிருக்கிறது. பல ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தும் நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? கனமான காய்கறிப் பையைச் சற்றுச் சாய்த்து வைக்க வசதியாயிருக்கிறது. அவ்வளவே நாம் அதனிடம் கண்ட பயன். "இங்கே எரிவாயுக் குழாய் ஓடுகிறது, தோண்டுமுன் எம்மைக் கேளுங்கள்" என்பதே அக்கம்பம் சொல்லும் செய்தி.

எரிபொருளை மண்ணுக்கடியில் குழாய் வழியே அனுப்புவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1857ஆம் ஆண்டிலேயே கல்கத்தாத் தெருக்களில் நிலக்கரி வாயு விளக்குகள் எரிந்தன. அஸ்ஸாமின் நாஹர்கட்டியாவிலிருந்து பீகாரின் பரௌனி வரை 1,157 கிலோமீட்டர் நீளமுள்ள கச்சா எண்ணெய்க் குழாய் 1960களில் அமைந்தது. இன்றோ அத்தகைய குழாயின் ஒரு கிளை நம் சமையலறைக்குள்ளேயே வந்து முடிகிறது.

நெடுந்தூரம் செல்லும் பெருங்குழாய்கள் எஃகினால் ஆனவை. எஃகுக்கு ஈரமண் ஜன்மப் பகை. ஆகவே குழாயின் மேல் பாலிஎதிலீன் பூச்சுப் போர்த்துகிறார்கள். பூச்சில் ஊசிமுனையளவு கீறல் விழுந்தாலும் துரு அங்கே குடியேறிவிடும் என்பதால், குழாய்க்குச் சிறிதளவு மின்சாரமும் ஊட்டுகிறார்கள். அல்லது மக்னீசியம் போன்ற உலோகக் கட்டிகளை மண்ணில் புதைத்துக் குழாயுடன் இணைக்கிறார்கள். கட்டி அரிபட்டுக் கரையும், குழாய் பிழைக்கும். இதன் மூலக் கருத்தை 1824ஆம் ஆண்டில் சர் ஹம்பிரி டேவி, கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகட்டைக் காப்பதற்காகக் கண்டார். செம்பு அரிக்காமல் நின்றது. ஆனால் சிப்பியும் பாசியும் அதில் தாராளமாக ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன! கடலில் தோற்ற அந்த யோசனை மண்ணுக்குள் வெற்றி பெற்றது.

வெளியே இத்தனை காவல் இருக்க, பகை உள்ளிருந்தும் வரலாம். ஆந்திரப் பிரதேசத்தில் கோதாவரிக் கழிமுகத்தில் நகரம் என்றொரு சிற்றூர் உள்ளது. 2014ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் விடியற்காலையில் அவ்வூர் வழியே சென்ற எரிவாயுக் குழாய் வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; வீடுகளும் தென்னைகளும் கருகின. உலர்ந்த வாயுவுக்கென அமைத்த குழாயில் ஈரம் கலந்த வாயுவை அனுப்பியதால் உட்புறம் அரித்துப் போயிற்று என்பது விசாரணையில் தெரிந்தது. விதிகள் ஏட்டில் இருந்தன. குழாய்க்குள் செல்வது இன்னதென்று நாள்தோறும் பார்க்கும் கண் இல்லாமற்போயிற்று.

இயற்கை எரிவாயுவுக்கு மணமில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1937ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கசிந்த வாயு யாருக்கும் தெரியாமல் சேர்ந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், உயிரிழந்தனர். அதன் பின்னரே மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளை வாயுவில் கலக்கும் வழக்கம் சட்டமாகி எங்கும் பரவிற்று. காற்றில் நூற்றுக்கு 5 பங்கு வாயு சேர்ந்தால் தீப்பற்றும். 1 பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. நம் அடுப்பில் எப்போதாவது வீசும் அந்த அழுகிய நாற்றத்தை நாம் சபிப்பது நியாயமன்று.

எனினும் மூக்கை மட்டும் நம்பலாகாது. வாயு மண்ணினூடே ஊர்ந்து வரும்போது மண் அந்நாற்றத்தை உறிஞ்சிக்கொள்வதுண்டு. ஊரெங்கும் பசுமையாயிருக்கக் குழாய் செல்லும் தடத்தில் மட்டும் புல் காய்ந்திருந்தாலும், தேங்கிய மழைநீரில் ஓயாமல் குமிழி எழுந்தாலும் ஐயுற வேண்டும்.

நகரத் தெருக்களில் ஓடும் சிறு குழாய்கள் பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனவை. இவற்றுக்குத் துரு பகையில்லை, கடப்பாரையே பகை. ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் குழாயைப் பதித்து, அதற்கு மேலே எச்சரிக்கைப் பட்டையொன்றையும் புதைக்கிறார்கள். தண்ணீர் இணைப்புக்கென்று நாமே ஆள் வைத்துத் தோண்டும்போது அப்பட்டை தென்பட்டால், அடுத்த கொத்து விழலாகாது. தோண்டுவோர் முன்கூட்டித் தெரிவிப்பதற்கென 2023ஆம் ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற கைபேசிச் செயலியைத் தொடங்கியது. கூலியாளிடம் அது இராது; வேலை கொடுக்கும் நம்மிடம் இருக்கலாமல்லவா?

வீட்டுக்குள் நாற்றம் எழுந்தால் மின்விசிறியையோ விளக்கையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அச்சிறு பொறியே போதும். அடுப்பருகிலுள்ள வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பின்னரே தொலைபேசியைத் தொட வேண்டும்.

கம்பத்தின் எழுத்துக்கு வருவோம். ஹிந்தியில் 'கத்ரா', மராத்தியில் 'தோகா' என்றிருந்தால் அபாயம் என்று பொருள். அதனடியில் ஓர் அவசர எண் இருக்கும்; எரிவாயுக் கட்டணச் சீட்டிலும் அது அச்சாகியிருக்கும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயாரோ மாமியாரோ நமது பகற்பொழுதுகளில் வீட்டில் தனித்திருப்பார். அவ்வெண்ணைப் பெரிய எழுத்தில், தமிழில் விளக்கத்தோடு எழுதி, சமையலறைக் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டி வைப்போம்.