துயிலும் கல்வியும்

(தருமபுரியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுப்பரீட்சை அணுகிவிட்டது. நம்மவர் இல்லங்களில் நள்ளிரவு வரையில் விளக்கெரிகின்றது. மீண்டும் நான்கு மணிக்கே பிள்ளையை எழுப்பிக் கையிற் புத்தகத்தைத் தருகின்றனர். பிறரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. சில ஆண்டுகளுக்கு முன், பாலக்கோட்டுப் பக்கத்து மாணாக்கன் ஒருவனைப் பரீட்சைக்கு முன்னிரவு எம் இல்லத்திலேயே இருத்தி, இரண்டு மணி வரையில் செய்யுட்களை ஒப்புவிக்கச் செய்தோம். பிழையின்றி ஒப்புவித்தான். மறுநாள் வினாத்தாளைக் கண்டதும் முதலடியே நினைவுக்கு வந்திலது. "எல்லாம் தெரியும் ஐயா, ஒன்றும் வரவில்லை" என்றான். அவன் தந்தையார் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருப்பின் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

துயில் என்பது மூளை வாளா கிடக்குங் காலமன்று. பகலிற் கற்றவை முதற்கண், மூளையின் உள்ளே கடற்குதிரை வடிவிற்றாய் அமைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியைச் சார்ந்து நிற்கும். ஆழ்ந்த உறக்கத்தில் அப்பகுதி அவற்றை மீட்டும் மீட்டும் ஓட்டி, மூளையின் மேற்புறணியில் நிலைபெறச் செய்கின்றது. கேழ்வரகைக் களத்திற் குவிப்பது பகல். குதிரிற் சேர்ப்பது இரவு. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், பொருளற்ற அசைகளை மனப்பாடஞ் செய்தோர் விழித்திருந்த பொழுதைக் காட்டிலும் உறங்கியெழுந்த பொழுது குறைவாகவே மறந்தனர் எனக் காட்டினர்.

சிற்றிடைவேளைக்கும் இவ்வாற்றல் உண்டு. விசைகளை ஒரு வரிசைப்படி இடக்கையால் 10 விநாடி அழுத்துவதும் 10 விநாடி ஓய்வதுமாகச் சிலரைப் பயிற்றியபோது, தொடக்கத்தில் வேகம் மிகுந்தது பெரிதும் அவ்வோய்வுகளிலேயாம். இஃது அமெரிக்காவில் 2019-இல் கண்டது. ஓய்வின்போது மூளை அவ்வரிசையைச் சுமார் இருபது மடங்கு விரைவில் தானே மீட்டிப் பார்த்ததாக 2021-இல் அறிந்தனர்.

நம் சென்னையிலேயே நடந்ததொன்றுண்டு. குறைந்த வருவாயினர் 452 பேரைக் கணிப்பொறியில் விவரம் பதியும் வேலையில் அமர்த்தி, கௌதம் ராவ் முதலிய ஐவர் செய்த ஆராய்ச்சி 2021-இல் வெளிவந்தது. அவர்கள் எட்டு மணி நேரம் பாயிற் கிடந்தும் உறங்கியது ஐந்தரை மணியளவே. இரவில் அரை மணிக்குச் சற்றுக் குறைவாகத் துயிலைக் கூட்டியும் வேலையிற் பயன் காணவில்லை. வெப்பமும் கொசுவும் இரைச்சலும் கலைத்த உறக்கம் போலும்! நண்பகலில் அரை மணி உறங்க இடந்தரப்பட்டவர்க்கோ கவனமும் வேலைத்திறனும் மனநலமும் மிகுந்தன. அவ்வரை மணி வேலையை இழந்ததனால் கூலி மிகவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. வகுப்பிற் கண்ணயர்ந்தோரைச் சோம்பேறிகள் என்று யாம் எத்தனை முறை தட்டியெழுப்பியிருக்கின்றோம்!

13 முதல் 18 வயதினர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித் துயில் வேண்டும் என்பர் மருத்துவர். ஆதலின் நம் சங்க விடுதியில் இரவு 9-30 மணிக்கு விளக்கை அணைத்து, 5-30-க்கு முன் எவரையும் எழுப்பாதிருக்க நிர்வாகக் குழுவினர் இசைய வேண்டுகின்றோம். ஞாயிற்றுக்கிழமைத் தனி வகுப்பு மூன்று மணி நேரம் ஓயாது நடக்கின்றது. இடையே இருமுறை பத்து நிமிடம் விடுதல் வேண்டும். அப்போது கைப்பேசி ஆகாது. வேப்பமரத்தடியிற் சும்மா இருக்கட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெண்மக்கள் படித்து முடித்தபின் பாத்திரமும் துலக்குகின்றனர். அவர் துயில் இன்னுங் குறைவு. பரீட்சை முடியுமளவும் அவ்வேலையைப் பரீட்சையில்லாத அண்ணன்மாரும் தந்தையரும் செய்யட்டும்.