இயந்திர அறிவும் மலைநாட்டு வாழ்வும்



மனிதன் தன் உடலுழைப்பைக் குறைப்பதற்கு எத்தனையோ பொறிகளைக் கண்டான். தேயிலைக் கொழுந்தை அரைக்கவும் உலர்த்தவும் நம் மலைநாட்டுத் தொழிற்சாலைகளில் பொறிகள் வந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. சிந்திக்கும் வேலையையும் பொறியிடம் ஒப்படைக்கலாமோ என்று எண்ணுங்காலம் இப்போது வந்திருக்கிறது. இயந்திரத்தால் சிந்திக்க இயலுமா என்ற வினாவை 1950ஆம் ஆண்டில் அலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் எழுப்பினார். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சட்ஜிபிடி வெளிவந்தபின், அவ்வினா அறிஞர் அவையைக் கடந்து நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பதுளையிலும் பண்டாரவளையிலும் கொஸ்லந்தையிலும் கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அதனிடம் வினாக் கேட்கிறார்கள். அதுவும் தயங்காமல் விடை சொல்லுகிறது.

இந்தப் புதிய துணைவனை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதனை ஆராய மீரியபெத்தையைக் காட்டிலும் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

செய்தி முன்னாளில் தோட்டத்தில் எவ்வாறு பரவிற்று என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். விடியற்காலையில் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் யாவரும் கூடுவர். எந்த மலையில் வேலை, எந்த லயத்தில் நோய், எந்தக் கானில் மண் சரிந்தது என்பனவெல்லாம் அங்கே பேசப்படும். செய்தி சொன்னவன் யார் என்பது கேட்டவனுக்குத் தெரியும். அவன் வாய்மையுள்ளவனா, மிகைப்படுத்துகிறவனா என்பதும் தெரியும். இன்று நம் கைக்குள் வந்து விழும் செய்திக்கு முகமில்லை. யாரோ எழுதியதை யாரோ அனுப்ப, நாமும் அதை வேறு யாருக்கோ அனுப்பிவிடுகிறோம்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்தைத் தோட்டப் பிரிவின்மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகளிற் சிலர் திரும்பி வந்தபோது, அவர்களுடைய வீடும் இல்லை, வீட்டிலிருந்தோரும் இல்லை.

காணாமற்போனோர் நூற்றுக்கணக்கானோர் என்றே முதற் செய்திகள் உலகெங்கும் பரவின. பின்னர் கணக்கெடுத்துச் சரிபார்த்தபோது, அத்தொகை அதனிலும் மிகக் குறைவு என்பது தெரியவந்தது. குறைந்த தொகையானாலும் ஒவ்வோர் உயிரும் ஓர் உயிரே. ஆயினும் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. முதல் நாளின் பிழையான எண்ணும் பிந்திய நாளின் திருந்திய எண்ணும் இன்றும் இணையத்தில் அருகருகே கிடக்கின்றன. அவற்றில் எது முந்தியது, எது திருந்தியது என்று எண்ணே எடுத்துச் சொல்லாது.

எங்கள் பாடசாலை மாணவர் சிலர் இவ்வனர்த்தம் பற்றிக் கட்டுரை எழுதத் தொலைபேசியின் உதவியை நாடினர். இருவர் ஒரே வினாவை வெவ்வேறு சொற்களிற் கேட்டனர். ஒருவருக்குப் பெரிய எண். மற்றவருக்குச் சிறிய எண். இரு விடைகளும் அழகிய தமிழிலேயே இருந்தன. இரண்டிலும் ஐயத்தின் சாயல்கூட இல்லை. "எது சரி, சேர்?" என்று அவர்கள் கேட்டபோது, "அதைத்தான் நாம் முதலிற் கேட்டிருக்கவேண்டும்" என்றேன். அன்றைய பாடம் வரலாற்றுப் பாடமாக மாறிற்று. செய்தியின் தேதியைப் பார்ப்பது எப்படி, உத்தியோகபூர்வ அறிக்கையைத் தேடுவது எப்படி, உயிர் தப்பியவரிடம் பணிவோடு கேட்பது எப்படி என்பனவற்றைக் கற்றோம்.

இயந்திரம் பொய்யுரைக்க எண்ணியதா? இல்லை. அதற்கு எண்ணமென்பதே இருப்பதாகத் தெரியவில்லை. மனிதர் எழுதிக் குவித்த கோடிக்கணக்கான சொற்களைப் பயின்று, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியம் அமைப்பதே அதன் தொழில். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது மலையளவு. தமிழில் எழுதப்பட்டது குறைவு. தோட்டப்புற மக்களின் வாழ்வைப் பற்றி எழுதப்பட்டதோ இன்னும் குறைவு. எழுதப்படாததை இயந்திரம் எங்ஙனம் பயிலும்? குறையுள்ள இடத்தை அது ஊகத்தால் நிரப்பிவிடுகிறது. ஆகவே நம் ஊரை நாமே எழுதிவைப்பது இனி நம் கடமை.

இனி, உயிர் காக்கும் செய்திக்கு வருவோம். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. பதுளை மாவட்டமும் மண்சரிவுகளால் பெரிதும் துன்புற்றது. இத்தகைய இரவில் தொலைபேசியில் சிங்களத்தில் ஓர் அறிவித்தல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் அதை நொடியில் தமிழாக்கித் தரும். அது பெரும் உதவியே. ஆயினும், "விழிப்பாயிருங்கள்" என்பதற்கும் "உடனே வெளியேறுங்கள்" என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் உயிராகும். அந்த மொழிபெயர்ப்பை இயந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிடலாகாது. தமிழில் எச்சரிக்கை பெறுவது நம் உரிமை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவுகளை ஒவ்வோர் இல்லத்தாரும் மனத்தில் இருத்தவேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ, அபாயமுள்ள சரிவில் இருப்போர் வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்களின் பொருள் இதுவே. இதனை அளக்க மழைமானி ஒன்று போதும். பாடசாலைப் பிள்ளைகளே அளந்து எழுதிவைக்கலாம்.

மலையும் தன் மொழியில் எச்சரிக்கிறது. பீலியில் தெளிந்து வந்த நீர் திடீரெனக் கலங்கும், அல்லது வற்றிவிடும். நீரில்லாத இடத்தில் ஊற்றுப் பீறிடும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்புத் தோன்றும். மரங்கள் சாயும். கதவு நிலையில் இறுகிக்கொள்ளும். இவற்றைக் கண்ணால் காண்பவன் தொலைபேசியின் விடைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துக்கு அறிவித்துவிட்டு, அயலாரையும் அழைத்துக்கொண்டு இடம்பெயர வேண்டும்.

ஆனால், நேயர்களே, அறிவு மாத்திரம் உயிரைக் காத்துவிடுமா? மீரியபெத்தையில் ஆபத்து உண்டென்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற நிலம் இல்லை. லயத்தை விட்டால் வேலையும் போய்விடுமோ என்ற அச்சமும் நம்மவருக்குப் புதிதன்று. உயிர் தப்பியோருக்கு மக்கல்தெனியாவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டிலேதான். அந்த வீடுகள் மலை சரியுமுன் எழுந்திருக்கக் கூடாதா? எத்தனை கூரிய இயந்திரமாயினும் மலை சரியுமென்று சொல்லக்கூடும். பாதுகாப்பான நிலத்தைப் பங்கிட்டுத் தர அதனால் ஆகாது. அது மனிதரின் மனச்சான்றுக்கும் அரசின் நெறிக்கும் உரிய கடமை. அறிவியல் வளர்ந்துவிட்டதென்ற மகிழ்ச்சியில் அக்கடமையை மறந்துவிடுதல் தகாது.

இயந்திரத்தை வெறுக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கடினமான பாடத்தை எளிமையாக்கிக் கேட்கவும், விண்ணப்பம் எழுதக் கற்கவும், அயல்மொழி நூலின் பொருளறியவும் நம் பிள்ளைகள் அதனைப் பயன்கொள்ளட்டும். தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத தோட்டத்துப் பிள்ளைக்கு அது வரப்பிரசாதமாகவும் அமையலாம். ஆயினும் இரண்டு பழக்கங்களை உடன் கைக்கொள்வோமாக. ஒன்று, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேளாமல் எதையும் பிறருக்கு அனுப்பாதிருத்தல். மற்றொன்று, நாளில் ஒரு நாழிகையாவது தொலைபேசியை வைத்துவிட்டு, வீட்டிலுள்ள பெரியவரோடும் அடுத்த காம்பிராவில் இருப்பவரோடும் முகம் பார்த்துப் பேசுதல்.

ஏனெனில், மழை கொட்டும் நள்ளிரவில் மின்சாரம் நின்றுவிடும், தொலைபேசியும் ஊமையாகிவிடும். அப்போது நம் கதவைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்து, "எழுந்து வாருங்கள்" என்று சொல்ல அயலான் ஒருவன் வேண்டும். அவனுடன் உள்ள உறவை இன்றே பேணிக்கொள்வோம்.