இசைத்தட்டுக்கு ஒரு முன்பெருக்கி



நம் வீடுகள் சிலவற்றில் பழைய இசைத்தட்டுகள் இன்னும் பெட்டிகளிற் கிடக்கின்றன. வீட்டில் எவரேனும் ஒருவர் அவற்றைத் தூசி தட்டி எடுத்து, சுழல்மேடையைப் புதிய ஒலிபெருக்கியோடு இணைத்து, ஊசியைத் தட்டின்மேல் வைக்கிறார். வருவதோ, தொலைவிலே நுளம்பு பாடுவது போன்ற கீச்சென்ற மெல்லொலி. மிருதங்கத்தின் தொப்பி எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கிறது. தட்டுப் பழுதாகிவிட்டதென்று எண்ணி அதை மீண்டும் பெட்டியில் இட்டுவிடுவோர் பலர். ஆனால், தட்டிலே பழுதில்லை. இடையில் இருக்கவேண்டிய ஒரு சிறு கருவி இல்லாமையே அதற்குக் காரணம். முன்பெருக்கி எனப்படும் அக்கருவியை, வால்வுகளைக் கொண்டு நாமே வீட்டில் அமைப்பது பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இசைத்தட்டிலே இசை உள்ளவாறே பதிந்திருக்கிறது என்று நாம் நம்புகிறோம். அப்படியன்று. தாழ்ந்த சுரங்களை உள்ள வலிமையோடு பதித்தால், தட்டின் சால் அங்குமிங்கும் அகலமாக அலைந்து அடுத்த சாலை வெட்டிவிடும். உயர்ந்த சுரங்களோ மிக நுண்ணியவை. தட்டின் உராய்விரைச்சலில் அவை அமிழ்ந்துபோகும். ஆகவே, பதிவு செய்வோர் தாழ்ந்த சுரங்களை வேண்டுமென்றே அடக்கியும், உயர்ந்த சுரங்களை வேண்டுமென்றே மிகுத்தும் சாலை வெட்டுகின்றனர். கேட்பவர் வீட்டிலுள்ள கருவி இதை நேர்மாறாகத் திருப்பிச் செய்தல் வேண்டும்.

1948ஆம் ஆண்டில் அமெரிக்கக் கொலம்பியாக் கம்பனி நிமிடத்துக்கு 33⅓ தரம் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. அக்காலத்தில் எவ்வளவு அடக்குவது, எவ்வளவு மிகுப்பது என்பதிலே ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வோர் அளவு இருந்தது. 1954இலேதான் ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற் சங்கத்தின் அளவு பொது நியமமாயிற்று. அந்நியமத்தின்படி, செக்கனுக்கு 1,000 அதிர்வுடைய சுரத்தை முன்பெருக்கி ஒரு மடங்காகத் தருமானால், 100 அதிர்வுடையதை நான்கரை மடங்காகவும், 10,000 அதிர்வுடையதை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவும் தருதல் வேண்டும். இவ்விரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியைச் செய்து முடித்தபின் சோதிப்பதற்கு உதவும்.

இதற்கு வால்வு எதற்கு, திரான்சிஸ்டர் போதாதா என்று கேட்பீர்கள். போதும். மலிவாகவும், இரைச்சல் குறைவாகவும் அது இவ்வேலையைச் செய்யும். வால்வின் ஒலியில் தனி இனிமை உண்டென்று சொல்வோரின் கூற்றை நான் முழுவதும் ஏற்பவனல்லன். எனினும், கண்ணாற் கண்டு, கையாற் தொடுத்து, ஒவ்வோர் உறுப்பும் யாது செய்கிறதென்று விளங்கிக்கொள்ள விரும்புபவனுக்கு வால்வைப்போற் பொறுமையான ஆசிரியன் வேறில்லை. ஈ.சி.சி. 83 என்னும் வால்வு இதற்குப் பொருத்தமானது. ஒரே கண்ணாடிக் குமிழினுள் இரண்டு வால்வுகளை அடக்கியது அது. ஒன்பது ஊசிக்கால்கள் உடையது. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் அதை இன்றும் செய்கிறார்கள். இரு செவிக்குரிய தட்டுகளைக் கேட்பதற்கு இத்தகைய குமிழ்கள் இரண்டு போதும்.

காந்த ஊசித்தலை தரும் மின் மிகச் சிறிது. ஐந்து மில்லி வோல்ற்று அளவினது. அது 47,000 ஓம் தடையொன்றின் குறுக்கே அமைந்து முதல் வால்வின் நெய்யரிக்குச் செல்கிறது. 250 வோல்ற்று ஊட்டத்தில், அனோட்டுக்கு 100,000 ஓம், கதோட்டுக்கு 1,500 ஓம் என வைத்து, கதோட்டுத் தடைக்குப் பக்கத்தில் ஓர் ஒடுக்கியையும் இட்டால் முதல் வால்வு சுமார் 55 மடங்கு பெருக்கும். இரண்டாவதிற் கதோட்டு ஒடுக்கியை விட்டுவிட்டால் அது 30 மடங்கே பெருக்கும், அதுவே போதும். சுரங்களைத் திருத்தும் வலையில் ஏற்படும் இழப்புப் போக, முடிவில் அரை வோல்ற்றுக்கு மேல் நமக்குக் கிடைக்கும்.

அந்த வலைதான் கருவியின் உயிர். இரண்டு வால்வுகளுக்கும் இடையே ஒரு தொடர்த் தடை; அதன் மறுமுனையிலிருந்து புவிக்கு 33,000 ஓம் தடையும் 0.0096 மைக்ரோபரட்டு ஒடுக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக. அவற்றுக்குப் பக்கத்தில் 0.0033 மைக்ரோபரட்டு ஒடுக்கி ஒன்று. தொடர்த் தடை 227,000 ஓம் இருக்கவேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. புதிதாகச் செய்பவர் தவறுமிடம் இதுவே. அக்கணக்கிற் சுமார் 40,000 ஓமை முதல் வால்வே தன் உள்ளிருந்து தந்துவிடுகிறது. இரண்டாம் வால்வின் நெய்யரிக்கும் புவிக்கும் இடையேயுள்ள பத்து இலட்சம் ஓம் தடையோ, பக்கத்தில் நின்று அதைக் குறைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கணித்தால், நாம் வாங்கி வைக்கவேண்டியது ஏறத்தாழ 250,000 ஓம் தடையாகும். ஒடுக்கிகளின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல் அளந்து பார்த்து இடுவது நன்று. பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய மெழுகுக் காகித ஒடுக்கிகளை அறவே தவிர்த்துவிடுங்கள். அவை மின்னைக் கசியவிடுவன.

இனி, முரலொலி. வீட்டிலே முன்பெருக்கி செய்தவர்கள் எல்லோரும் இதனோடு மல்லுக்கட்டியவர்களே. நமது மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. நாம் அமைக்கும் வலையோ அந்த 50 அதிர்வை ஏழு மடங்கு தூக்கிவிடுவது. பாம்புக்குப் பால் வார்ப்பதுபோல, எது நமக்கு வேண்டாததோ அதையே நம் கருவி வளர்க்கிறது.

நான் முதலிற் செய்த பெட்டி, ஊசியை வைக்குமுன்பே தேன்கூடுபோல் முரன்றது. வால்வு பழுதென்று எண்ணி மூன்று வால்வுகளை மாற்றினேன். பின்பு நிலைமாற்றியை மாற்றினேன். காசு போயிற்று, முரலொலி போகவில்லை. கடைசியிற் பார்த்தால், புவிக்கம்பியைப் பெட்டியோடு இரண்டு இடங்களிற் பற்றாசு வைத்திருந்தேன். அவ்விரண்டு இடங்களுக்குமிடையே ஒரு வளையம் உண்டாகி, நிலைமாற்றியின் காந்தப் புலத்தை அது வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனையை வெட்டியதும் அடங்கிற்று. புவிக்குச் செல்லும் கம்பிகள் யாவற்றையும் ஒழுங்காக ஒரே கம்பியிற் சேர்த்து, ஊசித்தலையின் கம்பி நுழையும் வாயிலருகே மட்டும் பெட்டியோடு இணைக்கவேண்டும் என்பதை அன்று கற்றேன்.

முரலொலியின் சுருதியைக் கவனித்தாலே நோய் எங்கேயென்று அறியலாம். தடித்த 50 அதிர்வு ஒலியாயின், சூடாக்கும் இழையையோ, அண்மையிலுள்ள நிலைமாற்றியையோ, நான் சொன்ன வளையத்தையோ ஐயுறுங்கள். அதற்கு மேலே ஒரு தாயி உயர்ந்து 100 அதிர்வாக, சற்றுக் கரகரப்போடு ஒலித்தால், உயர் வோல்ற்று ஊட்டம் சரியாக வடிகட்டப்படவில்லை. நிலைமாற்றியை வேறொரு பெட்டியில் வைத்து, ஒரு முழத்துக்கு அப்பால் விலக்கிவிடுதல் நன்று. இழைகளுக்குச் சீராக்கிய நேரோட்டத்தைக் கொடுங்கள். இரண்டு வால்வுகளின் இழைகளையும் தொடராக இணைத்தால் 25 வோல்ற்றும், 0.15 அம்பியரும் போதும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்லவேண்டும். 250 வோல்ற்று ஆளைக் கொல்லும். ஆளியை நிறுத்தியபின்பும் ஊட்டத்தின் பெரிய ஒடுக்கிகளில் மின் தங்கியிருக்கும். அவற்றின் குறுக்கே 220,000 ஓம் தடையொன்றை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். வைத்தபின்னும் மானியால் அளந்து பார்த்தே கை வையுங்கள். அளக்கும்போது இடக்கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது பழைய வானொலித் திருத்துநர்களின் வழக்கம். சிறுவர்கள் இதைத் தனியே செய்யலாகாது.

எல்லாம் சரியாயின், முதல் வால்வின் அனோட்டில் ஏறத்தாழ 165 வோல்ற்றும், கதோட்டில் ஒரு வோல்ற்றுக்குச் சற்று மேலும் மானி காட்டும். பின்பு 100, 1,000, 10,000 அதிர்வுகளைக் கொடுத்து, முன்சொன்ன நான்கரை மடங்கும் ஐந்தில் ஒரு பங்கும் வருகின்றனவா என்று பாருங்கள். வெளியே செல்லும் கம்பியை இரண்டு முழத்துக்கு மேல் நீளவிடாதீர்கள்; நீண்டால் உயர்ந்த சுரங்கள் மங்கும்.

நிமிடத்துக்கு 78 தரம் சுழலும் பழைய நாகசுரத் தட்டுகளை வைத்திருப்போர்க்கு இன்னுமொரு வேலை உண்டு. அவற்றுட் பலவற்றில் உயர்ந்த சுரங்கள் மிகுத்துப் பதியப்படவில்லை. 1954இன் அளவிலே கேட்டால் நாகசுரம் போர்வைக்குள் ஊதுவதுபோலிருக்கும். 0.0033 மைக்ரோபரட்டு ஒடுக்கியைத் துண்டித்துவிடும் சிறிய ஆளியொன்றைப் பெட்டியின் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியும் அத்தட்டுகளுக்கு வேறு. நெடுந்தட்டின் ஊசிமுனை அவற்றின் அகன்ற சாலின் அடியிற் புரளும். மூன்று மடங்கு பருத்த முனையுடைய ஊசியை மாட்டி, ஒலியைத் தாழ்த்தி வைத்து, பின்னர் ஆளியைத் தட்டுங்கள்.