செவிலியர் இடத்தில் மாணவர்



பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். ஆசிரியர் சிறிது நேரம் வெளியே சென்றால், சிறுவர்களை அமைதியாக இருத்திப் பாடம் ஒப்புவிக்கச் செய்வது அவன் பொறுப்பு. அதில் குறையொன்றுமில்லை. ஆனால், ஆசிரியர் ஊதியம் கேட்டு வெளியே நிற்கையில், சட்டாம்பிள்ளையைக் கொண்டே பள்ளியை நடத்திவிடலாம் என்று நிர்வாகத்தார் எண்ணினால் அது முறையாகுமா? மருத்துவமனையில் இக்கேள்வி எழுமாயின், அது உயிரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கேரளத்துத் தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதிய உயர்வு கோரிப் போராடினர். அது காய்ச்சல் பரவியிருந்த காலம். கண்ணூர் மாவட்ட ஆட்சியர், அன்று நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தார். முதலாண்டினர் நீங்கலாக, செவிலியர் கல்லூரி மாணவர்கள் அம்மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். நாளொன்றுக்கு 150 ரூபாய் வழங்கப்படும் என்பது ஆணை. மாணவர் பலர் அதனை எதிர்த்தனர்.

ஆட்சியரின் கவலையை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. கறம்பக்குடியிலிருந்து பேருந்தேறிப் புதுக்கோட்டைக்கோ தஞ்சைக்கோ நோயாளியை அழைத்துச் செல்லும் உழவர் குடும்பத்திற்கு, வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதா பெரிது? வேளைக்கு மருந்து கொடுக்க ஒருவர் வேண்டும். அவ்வளவே.

ஆயினும், அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாமா? செவிலியர் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமல்லர். நரம்பில் இறங்கும் மருந்துநீரின் துளி வேகத்தைக் கணிப்பவர்; படுக்கைப்புண் வாராமல் நோயாளியைப் புரட்டிக் கிடத்துபவர்; நள்ளிரவில் மூச்சின் ஓசை மாறுவதைக் கண்டு மருத்துவரை எழுப்புபவர். மருத்துவம் பயிலும் மாணவர்க்கு நோயின் பெயர் தெரிந்திருக்கலாம். இந்தக் கைப்பழக்கம் வந்திராது. செவிலியம் பயிலும் மாணவர்க்கோ, தவறு நேராமல் காக்க மூத்தவர் ஒருவர் அருகில் வேண்டும். வேலைநிறுத்தத்தின்போது இல்லாமற் போவது அந்த மூத்தவரே.

மாணவர் உதவவே கூடாது என்பதன்று என் கருத்து. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுவிட இயலாதவர்க்குப் போதிய கருவிகள் இல்லை. இப்சென் என்ற மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அப்பையை அழுத்தினர். அவர்கள் கைகளே பலருக்கு மூச்சாயின.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உற்று நோக்குங்கள். கோபன்ஹேகனில் மாணவர் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. போதாத கைகளோடு தம் கைகளையும் சேர்த்தனர். கண்ணூரிலோ, நியாயம் கேட்டு வெளியே நின்றவரின் இடத்தை நிரப்ப அவர்கள் அழைக்கப்பட்டனர். நாளை தாமே பெறவேண்டிய ஊதியத்திற்கு எதிராக இன்று தம்மையே நிறுத்தும் நிலை அது. அந்த வழக்கு தீர்ந்ததும் மாணவரால் அன்று. ஜூலை 20ஆம் நாள் முதலமைச்சர் கூட்டிய பேச்சுவார்த்தையில், 50 படுக்கை வரையுள்ள மருத்துவமனைகளில் குறைந்த ஊதியம் 20,000 ரூபாய் என்று முடிவாயிற்று, போராட்டமும் நின்றது.

செவிலியர்க்கும் ஒரு கடமை உண்டு. பேறுகால அறையையும் உயிர்காக்கும் பிரிவையும் காவலின்றி விட்டுச் செல்லலாகாது. போராடுவோரே தம்முள் சிலரை அங்கே நிறுத்திவைப்பது அறம். நிர்வாகத்தார்க்குள்ள கடமை, கட்டில்கள் கவனிப்பாரற்றுப் போகுமுன் பேச அமர்வது.

புதுக்கோட்டையில் 2017ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் சிலர் நாளை அங்கே பயிலக்கூடும். கொள்ளைநோய் வந்தால் அழைப்பிற்குக் காத்திராமல் செல்லுங்கள். ஆனால், கற்காத பணியைத் தனித்துச் செய்யும்படி எவர் பணித்தாலும், 'இது எனக்குத் தெரியாது' என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லுங்கள். நோயாளிக்கு நீங்கள் செய்யும் முதல் தொண்டு அதுவே.