நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் ஒரு பாதை

(ஆம்பூரை அடுத்த ஊராட்சி ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நான் இன்று பேச வந்திருப்பது பெரிய திட்டம் எதைப் பற்றியும் அன்று. இவ்வூரிலிருந்து காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் ஒற்றைத் தடத்தைப் பற்றியே. காலையில் சோற்றுத் தூக்குடன் நடக்கும் பெண்களும், பள்ளிக்கு மிதிவண்டியில் விரையும் பிள்ளைகளும் அதையே நம்பியிருக்கிறார்கள். அதை விட்டால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரந்தான் வழி. அங்கே லாரிகளின் வேகத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மிதிவண்டியால் ஒரு பெண்ணின் வாழ்வு எவ்வளவு மாறும் என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் காட்டியிருக்கிறது. 1991, 92 ஆம் ஆண்டுகளில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்லுடைப்போரும், விவசாயக் கூலிகளும் அவர்களில் இருந்தனர். யாரையும் எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் சென்று வந்தனர். பின்னர் 2001-02 முதல் நம் அரசும் மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி தரத் தொடங்கிற்று. மாணவர்க்கும் அது விரிந்தது. வண்டி வந்துவிட்டது. ஆனால் அது ஓடவேண்டிய தடமோ ஒரு மழைக்கே சேறாகிவிடுகிறது.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 ஆம் ஆண்டு நெறிமுறை, நடப்போர்க்கு மட்டுமே 1.8 மீட்டர், அதாவது ஆறடி, தடையற்ற அகலம் வேண்டும் என்கிறது. எதிரெதிரே இரு மிதிவண்டிகள் வர, நடுவே ஒருவர் நடக்கவும் வேண்டுமானால் பத்தடி தேவை என்பது என் கருத்து. அவ்வளவு நிலம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். சீமைக் கருவேலமும் சில வாசற்படிகளும் விழுங்கியதை மீட்டாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். (வாசற்படிக்காரர்கள் இங்கேயே அமர்ந்திருப்பதையும் அறிவேன்!) தடத்தை ஒரு பக்கம் மூன்று அங்குலம் சாய்த்து, அப்பக்கம் வடிகால் எடுத்தால் நீர் தேங்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கிறதென்று தோல் பதனிடும் தொழிற்சாலைச் சேற்றைக் கொண்டு பள்ளம் நிரப்ப எவரையும் அனுமதியாதீர்கள். அதில் குரோமியம் கலந்திருக்கும். மழையில் கசிந்து கிணற்றில் சேரும். தோல் கழிவுநீரால் இப்பகுதியின் நிலமும் நீரும் கெட்டது பற்றிய வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. அத்தகைய கேட்டை நாமே நம் காலடியில் பரப்பலாமா? செம்மண் கிராவலே போதும்.

இரு முனைகளிலும் நாலடி இடைவெளியில் கற்கள் நட்டால் கார், சிற்றுந்து, ஆட்டோ எவையும் நுழையா. ஊனமுற்றோரின் மூன்று சக்கர வண்டி தாராளமாகச் செல்லும். மோட்டார் சைக்கிளை அக்கற்கள் தடுக்கமாட்டா. அதைத் தடுக்க ஊர்க் கட்டுப்பாடுதான் வேண்டும். மாலை வேலை முடிந்து திரும்பும் பெண்களுக்கு விளக்கும் அவசியம். எந்தெந்தத் திருப்பத்தில் விளக்கு வேண்டும் என்பதைப் பொறியாளரை விட அவர்களே நன்கு அறிவார்கள். ஆகவே கம்பம் நடும் இடங்களை அவர்கள் சொல்லட்டும்.

வரும் ஞாயிறு தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. காலை ஆறு மணிக்கு ஓவர்சியர் அளவு நாடாவுடன் தடத்தின் தொடக்கத்தில் இருப்பார், நானும் வருவேன். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். அன்று எடுக்கும் அளவைக் கொண்டு மதிப்பீடு தயாரித்து, அடுத்த கிராம சபையில் உங்கள் முன் வைக்கிறேன்.