பற்றரியில் மாட்டும் முன் கொயிலை அளந்து பாருங்கள்

(கொத்மலைப் பகுதித் தோட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு பலர் லயத்துக்குத் திரும்புகிறீர்கள். மின்சாரம் வராத இடங்களில் இரவுக் குளிருக்கு இளைஞர்கள் ஒரு வழி செய்கிறார்கள். பழைய ஹொட் பிளேட்டின் கொயிலை வெட்டி, ஆட்டோ பற்றரியில் மாட்டி, தண்ணீர் சுட வைக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கப்போவதில்லை. ஆகவே அளந்து செய்யுங்கள் என்கிறேன்.

நான் கலைப் பிரிவில் படித்தவள். ‘ஓம்’ என்றதும் எனக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். இங்கே அது கம்பி மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. 1000 வாட் கொயில் முழுதாக ஏறக்குறைய 53 ஓம் இருக்கும். 12 வோல்ட் பற்றரியில் அது 3 வாட் கூடத் தராது. சூடு வரவில்லையே என்று வெட்டி வெட்டி 0.3 ஓமுக்குக் கொண்டுவந்தால் 40 அம்பியர் பாயும். வயரின் உறை உருகித் தீப்பிடிக்கும். 3 ஓம் என்றால் 4 அம்பியர், 48 வாட். முழுக் கொயிலில் 18இல் ஒரு பங்கு போதும்.

அளக்கும்போது கொயில் பற்றரியில் இருக்கக் கூடாது. முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.5 காட்டினால், பிறகு வரும் அளவில் அதைக் கழியுங்கள். அளந்தபடியே கொயிலை மெல்ல ஆட்டுங்கள். எண் துள்ளினால் இணைப்பு தளர்வு. ஒரு முனையைக் கொயிலிலும் மற்றதைத் தகரத்திலும் வையுங்கள். அங்கே எண் எதுவும் வந்தால் கொயில் தகரத்தில் படுகிறது, பாவிக்க வேண்டாம்.

பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் பியூஸ் போடுங்கள். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து எரியும் வாயு வரும். அந்த நேரத்தில் கொயிலை மாட்ட வேண்டாம்.

இதில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். தேநீருக்கு விறகுதான் சரி. ஒரு டம்ளர் தண்ணீரை வெதுவெதுப்பாக்கிப் பால் போத்தலை அதில் நிறுத்த ஏழெட்டு நிமிடம் போதும். வெறும் கம்பியைப் பாலிலோ குடிதண்ணீரிலோ விடாதீர்கள்.

மின்சாரம் வந்ததும் இதைச் சுவர்ப் பிளக்கில் மாட்டிவிடாதீர்கள். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 77 அம்பியர் இழுக்கும்.

தோட்டத்துக்கு வரும்போது நாங்கள் மீட்டர் கொண்டு வருவோம். கொயிலை மட்டும் கழற்றி எடுத்து வாருங்கள், பற்றரி வீட்டிலேயே இருக்கட்டும்.