தொட்டவர் எல்லாம் நோயாளி இல்லை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரப் பயிற்சியாளர் பேசியது)



எபோலா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரத்தக்கசிவை உண்டாக்கும் காய்ச்சல்களில் ஒன்று. டெங்கு மாதிரி கொசுவால் வராது. நோயாளியின் ரத்தம், வாந்தி, பேதி நம்ம மேல பட்டுத்தான் வரும். அப்போ பக்கத்துல இருந்து பணிவிடை செய்றவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வீட்டுல அது யாரு? பெரும்பாலும் நாமதானே!

2014 ஜூலை 20 அன்று, லைபீரியாவில் இருந்து ஒருவர் இந்த நோயோடு விமானத்தில் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு வந்து இறங்கினார். டாக்டர் அமேயோ அடாடெவோ என்ற பெண் மருத்துவர், எவ்வளவோ நெருக்கடி வந்தும் அவரை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே அனுப்பவில்லை. ஊரைக் காப்பாற்றிய அவர், அதே நோய் தொற்றி ஆகஸ்ட் 19இல் இறந்துபோனார்.

அடுத்து, நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களை எல்லாம் பட்டியல் எடுத்தார்கள். கிருமி உடம்புக்குள் போனால் 2 முதல் 21 நாளுக்குள் நோய் தெரியும். அறிகுறி தெரியாதவரை அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. அதனால் 21 நாளும் ஆட்கள் நேரில் போய் உடம்புச் சூடு பார்த்தார்கள். காய்ச்சல் கண்டால் உடனே தனி வார்டு. நாம சந்தா வாங்க வீடு வீடாப் போறோமே, அந்த மாதிரி 894 பேரை, சுமார் 18,500 தடவை போய்ப் பார்த்தார்கள்!

ஒருத்தர் மட்டும் கண்காணிப்பில் இருந்து நழுவி, போர்ட் ஹார்கோர்ட் நகருக்குப் போய், ஒரு டாக்டரிடம் ரகசியமாக வைத்தியம் பார்த்துக்கொண்டார். அவர் பிழைத்துக்கொண்டார். வைத்தியம் பார்த்த டாக்டர் இறந்தார். அந்த ஊரில் மட்டும் 500 பேருக்கு மேல் கண்காணிக்க வேண்டியதாயிற்று.

நைஜீரியாவில் மொத்தம் 20 பேருக்கு நோய் வந்தது, 8 பேர் இறந்தார்கள். 2014 அக்டோபர் 20இல் அங்கே நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இப்போது ஒரு வகை எபோலாவுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. நோயாளியைச் சுற்றி இருந்தவர்களுக்கு முதலில் போடுகிறார்கள்.

சகோதரிகளே, ஆள் ஏன் ஒளியுறாங்க? ஊர் ஒதுக்கிடுமோங்கற பயம்தான். எந்தத் தொற்றுநோய் வந்தாலும், கண்காணிப்பில் இருக்கிற வீட்டுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய் வாசலில் வையுங்க. போன் போட்டுப் பேசுங்க. நாள் முடிஞ்சதும் பழையபடி குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, பக்கத்துல உட்கார வையுங்க. ஒதுக்கினா ஒளிவாங்க, ஒளிஞ்சா நோய் பரவும். அரவணைச்சா அடங்கும்.